1969ல் நிலா இறக்கத்தை டிவியில் பார்த்தேன் என்கிறார் அப்பா. கோவில்பட்டியில் அப்போது டிவி ஏது?

கரிசல்காட்டான்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

அப்பா 1958ல் பிறந்தவர், சொந்த ஊர் கோவில்பட்டி. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்ததை டிவியில் பார்த்ததாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். ஏணியில் இறங்கியது, கொடி நட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். "படம் ஒரு நிலையா நிக்காதுடா, அலையலையா ஆடிக்கிட்டே இருக்கும். ஆனா கண்ண எடுக்க முடியாது" என்பார்.

போன வாரம் என் மகனிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் எட்டாம் வகுப்பு. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, மெட்ராஸுக்கே 1975 ஆகஸ்ட் 15லதான் டிவி வந்துச்சு" என்றான். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "பசிக்கல" என்றார்.

பொய் சொல்கிற மனுஷன் இல்லை அவர். அப்படியானால் பார்த்தது என்ன? அவரிடம் போய் நான் என்ன சொல்ல?

அலைவரிசை

தம்பி, தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்போலோ 11 பயணத்தின் ஈகிள் கலம் நிலாவில் இறங்கியது நம் நேரப்படி 1969 ஜூலை 21, திங்கட்கிழமை அதிகாலை 1.47க்கு. ஆம்ஸ்ட்ராங் தரையில் கால் வைத்தது காலை 8.26க்கு. அன்றைக்கு இந்தியாவில் டிவி இருந்தது டெல்லியில் மட்டும். வெளிநாட்டுப் படத்தை வழக்கமான சேவையாக வாங்கித் தரும் செயற்கைக்கோள் தரைநிலையம் மகாராஷ்டிரத்து ஆர்வியில் 1971ல்தான் வந்தது. ஆகவே உங்கள் மகன் சொன்னது சரிதான். அதற்காக அப்பா சொல்வது முழுக்கத் தவறு என்று ஆகிவிடாது.

உலகம் அன்று பார்த்த படமே தெளிவில்லாத படம். நிலாவில் இருந்த கேமரா நொடிக்கு 10 பிரேம், ஒரு பிரேமுக்கு 320 வரி (படத்தை வரைகிற கிடைக்கோடு) என்ற கணக்கில் அனுப்பியது. அமெரிக்க வீட்டு டிவிக்கு 30 பிரேம், 525 வரி வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? வந்த படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரைக்கு எதிரே இன்னொரு டிவி கேமராவை நிறுத்திப் படம் பிடித்தார்கள். அதனால்தான் ஆம்ஸ்ட்ராங் நகரும்போது பின்னாலேயே நிழல் இழுத்துக்கொண்டு வரும். தொடக்கத்தில் படம் தலைகீழாகவே வந்தது. கலத்தின் பக்கவாட்டுப் பெட்டியில் கேமராவைத் தலைகீழாகத்தான் பொருத்தியிருந்தார்கள். கீழே ஒரு சுவிட்சைத் திருப்பி நிமிர்த்தினார்கள். முதல் சில நிமிடம் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனும் ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக்கும் வாங்கிய படம். அதற்கப்புறம் கடைசிவரை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ஆன்டெனாவின் படம்.

மாற்றம் செய்வதற்கு முந்தைய நல்ல படம் பதிவான மூல நாடாக்கள் பின்னாளில் அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டன. நாசாவே தேடிப் பார்த்து 2009ல் இந்த முடிவைச் சொன்னது. டேப்பைச் சிக்கனமாக மறுபடி மறுபடி பயன்படுத்திய காலத்து ஆள் நான். அது எப்படி நடந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கொடி என்ன நிறத்தில் தெரிந்தது?

தேனி டீச்சர்

கரிசல் தம்பி, முதலில் அப்பாவைச் சாப்பிட வையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை என்று உங்கள் மகனுக்கும் புரிய வையுங்கள். இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73வது நொடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், என்னைப் போல் பள்ளி ஆசிரியை. மறுநாள் காலை எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் 106 மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார். செய்தி எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்றெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனால் பலரும் ரொம்ப உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் கையால் எழுதிய பழைய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வேண்டியது இதுதான்: டிவியில் பார்த்துத்தான் முதலில் தெரிந்துகொண்டேன் என்று மறுநாள் எழுதியவர்கள் 21 சதவீதம். இரண்டரை வருடத்தில் அது 45 சதவீதமாகிவிட்டது. யாரோ ஓடிவந்து சொல்லித்தான் கேட்டிருப்பார்கள். பிறகு டிவியில் அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், சொன்ன ஆள் நினைவிலிருந்து போய்விட்டார், படம் மட்டும் நின்றுவிட்டது.

அன்றைக்கு அந்த ஏவுதலை நாடு முழுக்க நேரலையாகக் காட்டிய சேனல் சிஎன்என் மட்டும்தான். பெரிய சேனல்கள் வழக்கமான நிகழ்ச்சியில் இருந்தன. ஆனால் நாசா பள்ளிக்கூடங்களுக்கென்று தனியாகச் செயற்கைக்கோள் இணைப்பு கொடுத்திருந்தது. டீச்சர் போகிறார் என்று பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பெரியவர்களில் பலர் நேரலையில் பார்க்காததைக் குழந்தைகள் நேரலையில் பார்த்தார்கள். அந்த வகுப்பறைகளில் நின்றுகொண்டிருந்த ஆசிரியர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டிவியை உடனே அணைப்பதா, பிள்ளைகளிடம் என்ன சொல்வது, யாருக்குத் தெரியும்? மைக்கில் பேசிக்கொண்டிருந்த நாசா அறிவிப்பாளரே சற்று நேரம் நிறுத்திவிட்டு, பெரிய கோளாறு நடந்திருப்பது தெரிகிறது என்று மட்டும்தான் சொன்னார்.

இரவுப்பணி

டீச்சரம்மா சொன்னதைப் படித்ததும் கை தன்னால் கீபோர்டுக்கு வந்துவிட்டது. நாளிதழ் ஒன்றில் 28 வருடம் இரவு டெஸ்க் பார்த்தவன். பெரிய ஆட்கள் உடம்புக்கு முடியாமல் கிடந்தால் இரங்கல் பக்கத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வோம். பிழைத்து வந்துவிட்டால் அந்தப் புரூஃபை மடித்து இழுப்பறையில் போடும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

விண்வெளியிலும் இதே வழக்கம் உண்டு. 1961 ஏப்ரல் 12, விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் கிளம்பும் முன்பே சோவியத்தின் டாஸ் செய்தி நிறுவனத்துக்கு மூன்று அறிக்கைகள் தயார். ஒன்று வெற்றி. இரண்டாவது, வேறு நாட்டிலோ கடலிலோ இறங்கிவிட்டால் உதவி கேட்டு. மூன்றாவது, ஆள் இறந்துவிட்டால். ராக்கெட் கிளம்பியது மாஸ்கோ நேரம் 9.07. மொத்தப் பயணமே 108 நிமிடம். அவர் மேலே இருக்கும்போதே வானொலியில் அறிவிப்பாளர் லெவிட்டானின் குரலில் செய்தி வந்துவிட்டது. முடியும்வரை காத்திருக்காமல் அவ்வளவு சீக்கிரம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அறிவித்துவிட்டால், ஆள் எங்கே விழுந்தாலும் மீட்பதற்கு எளிது. இறங்கிய நாட்டுக்காரர்கள் அவரை உளவாளி என்று சொல்லவும் முடியாது.

அமெரிக்காவிலும் 1969 ஜூலை 18 தேதியிட்ட ஒரு தாள் உண்டு. நிக்சனுக்கு உரை எழுதிய வில்லியம் சஃபயர் எழுதியது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவிலிருந்து கிளம்ப முடியாமல் போனால் அதிபர் என்ன பேச வேண்டும் என்று. முதலில் அவர்களுடைய மனைவிமார்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. 30 வருடம் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது.

என் கருத்து இதுதான். இரண்டு பக்கமும் மரணச் செய்தியை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பக்கம் ஏவுதளத்தில் கேமராவை வைத்துக்கொண்டு எழுதியது, இன்னொரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியது. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஷெப்பர்ட் 1961 மே 5ல் போனது 15 நிமிடப் பயணம்தான். ஆனாலும் ஊரறிய, டிவியில், வெடித்தாலும் வெடிக்கட்டும் என்று நேரலையாக விட்டார்கள். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

செங்காந்தள்

> ஒரு பக்கம் ஏவுதளத்தில் கேமராவை வைத்துக்கொண்டு எழுதியது, இன்னொரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியது.

இரவுப்பணி அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக இல்லை.

சோவியத் மறைத்ததை நான் மறுக்கவில்லை. ககாரின் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டுத் தனி பாராசூட்டில்தான் இறங்கினார். கலத்தோடு இறங்கினால்தான் சர்வதேசப் பதிவில் சாதனை என்று விதி இருந்ததால் வருடக்கணக்கில் மழுப்பினார்கள். தலைமை வடிவமைப்பாளர் கொரோலியோவின் பெயர் அவர் 1966ல் இறந்த பிறகுதான் செய்தித்தாளில் வந்தது. நெல்யூபோவ் என்ற வீரரை அணியிலிருந்து நீக்கியதும் பழைய குழுப் படங்களிலிருந்தே அழித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறாதது பயிற்சியில் இருந்த வீரர் பொந்தரென்கோ. 24 வயது. ககாரின் போவதற்கு மூன்று வாரத்துக்கு முன், 1961 மார்ச் 23, ஆக்சிஜன் நிறைந்த பயிற்சி அறைக்குள் இருந்தார். உடம்பில் ஒட்டியிருந்த சென்சாரைக் கழற்றிவிட்டு, சாராயம் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துப் போட்டார். பஞ்சு மின்சார அடுப்புத் தட்டில் விழுந்து தீப்பிடித்தது, அதில் கருகி இறந்தார். அந்தப் பையன் பெயரையே 1986 வரை வெளியில் சொல்லவில்லை.

ஆனால் அமெரிக்கக் கதவு எந்த அளவுக்குத் திறந்திருந்தது? 1959 ஏப்ரல் 9ல் வாஷிங்டனில் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களான மெர்க்குரி வீரர்கள் ஏழு பேரையும் மேடையேற்றினார்கள். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை யாருக்கு இருக்கிறது என்று நிருபர்கள் கேட்க, எல்லோரும் கை தூக்கினார்கள். க்ளென்னும் ஷிராவும் இரண்டு கையையும் தூக்கினார்கள். அதே வருடம் அந்த ஏழு பேரின், அவர்கள் குடும்பத்தாரின் சொந்தக் கதையை எழுதும் உரிமை 5 லட்சம் டாலருக்கு லைஃப் பத்திரிகைக்குப் போய்விட்டது. மக்கள் வரிப்பணத்தில் போகும் வீரர்களின் வாழ்க்கை ஒரே பத்திரிகைக்கு! மற்ற நிருபர்கள் கொதித்தார்கள். வீட்டுக்குள் என்ன நடந்தாலும் அட்டைப்படத்தில் சிரித்த முகம்தான்.

1967 ஜனவரி 27ல் அப்போலோ 1 தரையிலேயே தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் வேலை சரியில்லை என்று நாசாவின் சொந்த அதிகாரி பிலிப்ஸ் முன்பே எழுதிவைத்த அறிக்கை இருந்தது. செனட்டர் மாண்டேல் அதைப் பற்றி விசாரணையில் கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. இதுவும் கதவைச் சாத்திய கதைதானே?

இரவுப்பணி

தம்பி, பிலிப்ஸ் அறிக்கை பற்றிச் சொன்னது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். லைஃப் ஒப்பந்தம் பற்றியும் உங்கள் கோபம் நியாயமானதே. நான் டெஸ்கில் இருந்திருந்தால் நானும் கொதித்திருப்பேன்.

ஒன்றே ஒன்று. அந்த அறிக்கை சில வாரங்களில் வெளிவந்தது, கேட்பதற்கு ஒரு செனட்டரும் எழுதுவதற்குப் பத்திரிகைகளும் இருந்ததால். பொந்தரென்கோவுக்காகக் கேட்க யாரும் இல்லை. 25 வருடம் ஆயிற்று. இந்த வித்தியாசத்தை நான் விடமாட்டேன்.

யாழ்வாசல்

எல்லாருக்கும் வணக்கம். இந்த உரையாடலை வாசிக்க அம்மம்மான்ர ஞாபகம் வந்திட்டுது.

1961 டிசம்பரில ககாரின் இலங்கைக்கு வந்தவர். இந்தியாவுக்கு வந்திட்டு அப்பிடியே எங்கட பக்கமும். அம்மம்மா அப்ப கொழும்பில இருந்தவா. தெருவோரம் சனத்துக்குள்ள நிண்டு பாத்தவா. "சின்னப் பெடியன்ர முகம், சிரிச்சுக்கொண்டே போனான்" எண்டு சொல்லுவா. பாராசூட் கதை, கொரோலியோவ் கதை ஒண்டும் அவவுக்குத் தெரியாது. ஒரு மனிசன் மேல போட்டு வந்து தன்ர முன்னால கையசைச்சவன், அதுதான் அவவுக்குப் பெரிசு. இலங்கைக்கு டிவி வந்தது 1979லதான். அதால அவவுக்கு நிலா இறக்கத்தை விட ககாரின்தான் உண்மையா நடந்த விசயம்.

அப்போலோ 11 ஆக்கள் மூண்டு பேரும் 1969 ஒக்டோபர் 26 பம்பாய்க்கும் வந்தவையள். இரண்டு நாடுகளும் ஆக்களை ஊர் ஊரா அனுப்பினது பிரசாரம்தான், அதை நான் மறுக்கேல்லை. ஆனா தெருவில நிண்ட சனத்தின்ர சந்தோசம் பிரசாரமில்லை. கரிசல் அண்ணா, உங்கட அப்பாவின்ர சந்தோசமும் அப்பிடித்தான்.

தேனி டீச்சர்

யாழ்வாசல், உங்கள் அம்மம்மாவின் வார்த்தையை என் வகுப்பில் சொல்லப்போகிறேன், அனுமதி உண்டல்லவா?

குடும்பங்களைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். ஒவ்வொரு பயணத்தின்போதும் வீரர் வீட்டுப் புல்தரையில் நிருபர் கூட்டம் முகாம் போட்டுவிடும். உள்ளே நாசா கொடுத்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் கணவரின் குரலைக் கேட்டபடி மனைவி உட்கார்ந்திருப்பார். வெளியே வந்தால் பெருமையாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

அப்போலோ 13ஐப் பாருங்கள். 1970 ஏப்ரல் 13 இரவு தலைவர் லவலும் மற்ற இருவரும் கலத்துக்குள்ளிருந்து டிவிக்காகப் பேசினார்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய சேனல்களில் ஒன்றுகூட அதை ஒளிபரப்பவில்லை. நிலா பழகிவிட்டது அவர்களுக்கு. சில நிமிடத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. உடனே அத்தனை சேனலும் மரிலின் லவல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. புல்தரையில் ஒளிபரப்புக் கோபுரம் நிறுத்த அனுமதி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். வேண்டுமானால் வெள்ளிக்கிழமை என் கணவர் வீட்டுக்கு வருவார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். சொன்னபடியே ஏப்ரல் 17 வெள்ளிக்கிழமை மூன்று பேரும் உயிரோடு பசிபிக் கடலில் இறங்கினார்கள்.

செங்காந்தள்

டீச்சர், இது புதுத் தகவல் எனக்கு. நன்றி.

நானும் ஒன்று சேர்க்கிறேன். அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், 1969 ஜூலை 15. ஏவுதளத்தைச் சுற்றி சுமார் 3,500 பத்திரிகையாளர்கள். அங்கே மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு போனார். இவ்வளவு பணத்தை நிலாவுக்குச் செலவழிக்கிறீர்களே, பசித்த வயிற்றுக்கு என்ன என்று கேட்டார். நாசா தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து, தூறல் மழையில் நின்று அவரிடம் பேசினார். பட்டனை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் நாளைக்கு நாங்கள் அழுத்தமாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தக் குடும்பங்களில் சிலரை ஏவுதல் பார்க்கவும் அழைத்தார். எத்தனையோ முறை ஓடுகிற ராக்கெட் படத்தோடு அந்த வண்டிகளையும் காட்டினால் தேவலை.

அலைவரிசை

செங்காந்தள், இரவுப்பணி, இரண்டு பேரும் சொல்வது நம் ஊருக்கும் வரும். ககன்யானுக்காக நான்கு விமானிகள் 2020லிருந்தே ரஷ்யாவில் பயிற்சி எடுத்தார்கள். பெயர்களை அரசு சொல்லவில்லை. 2024 பிப்ரவரி 27ல் திருவனந்தபுரத்தில்தான் மேடையேற்றினார்கள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பயிற்சி முடியும்வரை அவர்களை நிம்மதியாக விட்டது சரி என்றே நினைக்கிறேன். வாசலில் முகாம் போடுவதில் நம் சேனல்களும் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் கிளம்பும் நாளில் நேரலை வேண்டும். 2003ல் சீனா தன் முதல் விண்வெளி வீரர் யாங் லிவேயை அனுப்பியபோது நேரலையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டு, நல்லபடியாகப் போன பிறகு காட்டியது. அடுத்த பயணத்தை, 2005ல், நேரலையாகவே விட்டார்கள். சோவியத்தும் 1975 ஜூலையில் அமெரிக்கர்களோடு சேர்ந்து போன சோயுஸ் 19 ஏவுதலை உலகத்துக்கே நேரலையாகக் காட்டியது. தயங்கியவர்கள்கூடத் திறந்துவிட்டார்கள். நாம் சாத்திக்கொண்டு தொடங்க வேண்டாம்.

கரிசல் தம்பி, கொடி என்ன ஆயிற்று?

கரிசல்காட்டான்

மன்னிக்கவும் ஐயா, இரண்டு நாளாகக் கிணற்று மோட்டார் வேலை. எல்லாப் பதிவையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் எழுதிய அந்த 45 சதவீதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். யாழ்வாசல் எழுதியதை மகன் வாசித்தான்.

கொடி என்ன நிறம் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "செவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா, மூலைல நீலம்" என்றார்.

அலைவரிசை

அப்படியென்றால் அது டிவி படம் இல்லை தம்பி. நிலாத் தரையிலிருந்து வந்த டிவி ஒளிபரப்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை. கலரில் இருந்தது, ஆல்ட்ரின் பக்கத்து ஜன்னலில் பொருத்தியிருந்த 16 மி.மீ. பிலிம் கேமரா எடுத்தது. அந்தச் சுருள் ஜூலை 24ல் அவர்களோடு பூமிக்கு வந்து, கழுவி, பிரதி போட்டு, பிறகுதான் உலகம் முழுக்கப் போனது. அப்பா பார்த்தது சினிமாப் படம். தியேட்டரா, வேறு எங்காவதா என்று கேளுங்கள்.

கரிசல்காட்டான்

கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் முனிசிபாலிட்டி பார்க்கில் ரேடியோ கேட்டதாகச் சொல்கிறார். தாத்தா தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாராம். செய்தி முடிந்ததும் யாரும் கலையவில்லையாம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்களாம். நிலாவில் ஆள் நிற்பது தெரியுதா என்று இவர் கேட்க, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "தெரியாதுப்பா, ஆனா இருக்கான்" என்றாராம்.

படம் பார்த்தது அதற்குப் பல மாதம் கழித்து. ஒரு வேன் வந்தது, பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள், தரையில் உட்கார்ந்து பார்த்தோம் என்கிறார். ஆடிக்கிட்டே இருந்தது என்று சொன்னீர்களே அப்பா என்றேன்.

"ஆமா, காத்து. நம்மூர் காத்து தெரியாதா? கொடி நடுறப்போ துணி புடைச்சுக்கிட்டு வரும், நிலாவே முன்னால வர்ற மாதிரி இருக்கும். ரெண்டு பேரு ஓடிப்போய் ஓரத்தப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் நான்."

இதைச் சொல்லும்போது கை இரண்டையும் நீட்டி, துணியை இழுத்துப் பிடிப்பது போலவே வைத்துக்கொண்டார். மகன் போனைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தா, அப்ப நீங்க படத்தப் பின்னாடியிருந்தா பாத்தீங்க?" என்றான். பக்கவாட்டில் நின்று பார்த்தாராம். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஆம்ஸ்ட்ராங் ஒல்லியாகத் தெரிந்தாராம்.

நேற்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டார்.

1969 கடைசியிலோ 1970லோ கோவில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் நிலாப் படம் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? உங்கள் அப்பா, பெரியப்பா, மாமா யாராக இருந்தாலும் கேட்டுச் சொல்லுங்கள். துணியின் இன்னொரு ஓரத்தைப் பிடித்தவர் யார் என்று அப்பாவுக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை. அவரைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறார்.